புதுக் காரில் சாட்டிலைட் ரேடியோ: சேலையூர் முதல் வேளச்சேரி வரை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருவில் புதிதாகக் கார் வாங்கியிருக்கும் நண்பர் ஓர் அட்டைப் பெட்டியுடன் வீட்டுக்கு வந்தார். நியூ ஜெர்சியில் இருக்கும் மைத்துனர் ஊருக்கு வந்தபோது கொடுத்த பரிசாம். பெட்டியின் மேல் சிரியஸ் எக்ஸ்.எம். என்று இருந்தது. திறந்து பார்த்தால் கையடக்கமான ஒரு ரேடியோ செட், அதை டேஷ்போர்டில் நிறுத்த ஒரு தாங்கி, காந்தம் வைத்த சின்ன ஆன்டெனா, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் அடாப்டர், இரு முனையிலும் ஹெட்போன் பின் போலவே இருக்கும் ஒரு கேபிள்.

"சார், நீங்க அந்தக் காலத்துலயே கார்ல சாட்டிலைட் ரேடியோ வெச்சிருந்தீங்களாமே. இதையும் கொஞ்சம் மாட்டிக் குடுங்க. ஒயர் இழுக்கிற வேலையெல்லாம் நானே பாத்துக்கறேன்" என்றார்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. ஆனால் பாடாது என்றேன். அவர் முகம் வாடியது. ஏன் பாடாது என்று அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு காருக்கும் ஏதாவது மாட்டிப் பார்க்கும் ஆசை பலருக்கு வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் "எதாவது எலக்ட்ரானிக்ஸ் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லும் பழக்கமும் நமக்கு விட்டுப் போகவில்லை.

ஏன் பாடாது?

அமெரிக்காவில் எக்ஸ்.எம். என்ற நிறுவனம் 2001ஆம் ஆண்டிலும், சிரியஸ் என்ற நிறுவனம் 2002ஆம் ஆண்டிலும் கார்களுக்கான சாட்டிலைட் ரேடியோவைத் தொடங்கின. 2008இல் இரண்டும் ஒன்றாக இணைந்தன. எக்ஸ்.எம். சாட்டிலைட்டுகள் மேற்குத் தீர்க்க ரேகை 85, 115 டிகிரி அருகே, பூமத்திய ரேகைக்கு மேலே நிலையாக நிற்பவை. நம் தாம்பரம் கிழக்குத் தீர்க்க ரேகை 80 டிகிரியில் இருக்கிறது. ஒரு பூகோள உருண்டையை எடுத்துப் பாருங்கள். அந்த சாட்டிலைட்டுகள் நமக்கு உருண்டையின் மறுபக்கம். மொட்டை மாடியில் ஏறி நின்று எவ்வளவு பெரிய ஆன்டெனாவைப் பிடித்தாலும் நடுவில் பூமியே குறுக்கே நிற்கிறது.

அதேபோல, சில வெளிநாட்டு கார் ஸ்டீரியோக்களில் "சாட்" என்று ஒரு பட்டன் இருக்கும். அதை நம்பிக் கூடுதல் பணம் கொடுத்துவிடாதீர்கள். கார்களுக்கான சாட்டிலைட் ரேடியோ சேவை எதுவும் இன்று நம் நாட்டில் இல்லை.

சாட்டிலைட் ரேடியோ என்ற ஒன்றே நம் வீடுகளில் பாடிய காலம் ஒன்று உண்டு. நண்பர் கேள்விப்பட்டிருந்தது அதைத்தான்.

வோர்ல்ட் ஸ்பேஸ்

எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர் தொடங்கிய நிறுவனம் வோர்ல்ட் ஸ்பேஸ். ஆப்பிரிக்காவுக்கென ஆப்ரிஸ்டார் என்ற சாட்டிலைட்டை 1998இலும், ஆசியாவுக்கென ஏசியா ஸ்டார் என்ற சாட்டிலைட்டை 2000ஆம் ஆண்டு மார்ச்சிலும் இந்த நிறுவனம் விண்ணில் நிறுத்தியது. ஏசியா ஸ்டாரை ஏற்றிச் சென்ற அதே ஏரியன் 5 ராக்கெட்டில்தான் நம் இஸ்ரோவின் இன்சாட் 3பி சாட்டிலைட்டும் பயணம் செய்தது.

இந்தியாவில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு வோர்ல்ட் ஸ்பேஸ் இயங்கியது. ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். ஏ.ஆர்.ரகுமான் அதன் விளம்பரத் தூதராக இருந்தார். தமிழுக்கு கே.எல். ரேடியோ, கர்நாடக சங்கீதத்துக்கு ஸ்ருதி, இந்துஸ்தானிக்கு கந்தர்வ், பழைய இந்திப் பாடல்களுக்கு பரிஷ்தா என்று சேனல்கள். இருபத்து நான்கு மணி நேரமும் பாட்டு.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: வானத்திலிருந்து வந்தது உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் எம்பி3 பைல்களின் குடும்பத்தைச் சேர்ந்த ஒலிதான். எம்பெக் லேயர் 3 முறையில் சுருக்கி, 1467 முதல் 1492 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான எல் பேண்டில் அனுப்பினார்கள். பெரிய டிஷ் தேவையில்லை. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு சதுரத் தட்டுதான் ஆன்டெனா. அதை ஜன்னல் ஓரம் வைத்து வானத்தைப் பார்த்துத் திருப்பினால் போதும்.

ஆனால் அது வீட்டுக்கான சேவை. அமெரிக்காவில் காரில் தடையில்லாமல் பாட வேண்டும் என்பதற்காக எக்ஸ்.எம். நிறுவனம் ஒரே நிகழ்ச்சியை இரண்டு சாட்டிலைட்டுகளில் சில விநாடி இடைவெளி விட்டு அனுப்பியது. ஒன்று மரத்தில் மறைந்தால் மற்றொன்று கை கொடுக்கும். உயர்ந்த கட்டடங்கள் உள்ள நகரங்களில் தரையிலும் ரிப்பீட்டர்கள் வைத்தார்கள். நம் ஊரில் இவை எதுவும் இல்லை. ஒரே சாட்டிலைட், நேர்ப்பார்வை, அவ்வளவுதான். ஆகவே 2007இல் நான் காரில் இதை மாட்டியது என் சொந்தப் பொறுப்பில் செய்த வேலை. செய்ததற்குக் காரணம் அப்பா.

செவ்வாய், வியாழன், சனி

அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஆண்டு அவருக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. வாரம் மூன்று நாள், சேலையூரிலிருந்து வேளச்சேரி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் மெஷினில். அதற்காகத்தான் காரே வாங்கினோம்.

வீட்டில் அவருடைய உலகம் ஸ்ருதி சேனல். காலையில் செட்டை ஆன் செய்தால் இரவு படுக்கும்போதுதான் நிறுத்துவார். "இதைக் கார்ல வெக்க முடியுமாடா?" என்று ஒருநாள் கேட்டார். அவர் எதையும் கேட்கிற மனிதர் இல்லை. அன்று மாலையே வேலையைத் தொடங்கினேன்.

கரன்ட், சத்தம், வானம்

எந்தக் கருவியைக் காரில் சேர்த்தாலும் மூன்று கேள்விகள்தான். கரன்ட் எங்கிருந்து, சத்தம் எந்த வழியாக, சிக்னல் எப்படி.

கரன்ட் எளிது. ஆனால் கருவியை எரிக்கும் வாய்ப்பு அதிகமும் இங்கேதான். என் செட்டுக்கு 6 வோல்ட் வேண்டும். கார் பேட்டரி 12 வோல்ட் என்று சொல்வோம். இன்ஜின் ஓடும்போது அது 14 வோல்ட்டை எட்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகி, 3 முதல் 12 வரை வோல்டேஜ் மாற்றிக்கொள்ளும் அடாப்டர் ரிச்சி தெருவில் கிடைத்தது. செருகும் முன் மல்டிமீட்டரில் வோல்டேஜையும், பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்பதையும் பார்த்துக்கொண்டேன். பிறகு அந்த சுவிட்சை 6இல் வைத்து, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். ஓடும் காரில் யாராவது கை தவறி 12க்குத் தள்ளினால் செட் போயே போச்சு.

சத்தத்துக்கு முதலில் எப்.எம். மாடுலேட்டர் என்ற மலிவான வழியில் இறங்கினேன். செட்டின் ஹெட்போன் துளையில் இதைச் செருகினால், அது ஒரு குட்டி எப்.எம். நிலையமாக மாறிக் கார் ரேடியோவுக்கு அனுப்பும். காலியான அலைவரிசை வேண்டும். சென்னையில் அப்போதே 91.1, 91.9, 92.7, 93.5, 98.3, 101.4, 102.3, 106.4 என்று வரிசையாக நிலையங்கள் வந்துவிட்டன. 88.1இல் வைத்தேன். பாடியது. ஆனால் பின்னணியில் ஓயாத இரைச்சல். அப்பா ஒரு வாரம் பொறுத்தார். பிறகு, "தம்புரா கொசு மாதிரி கேக்குதுடா" என்றார். அவர் சொன்னது சரிதான். டிஜிட்டலாக வந்த ஒலியை மறுபடி எப்.எம்.மில் ஏற்றி, அதை மறுபடி காரில் இறக்கினால் என்ன மிஞ்சும்?

அடுத்து, முன்பக்கம் ஆக்ஸ் துளை உள்ள ஒரு கார் ஸ்டீரியோ வாங்கி மாற்றினேன். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். புதுக் காரின் ஒயரைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். காரின் சாக்கெட்டுக்கும் புது ஸ்டீரியோவுக்கும் இடையே மாட்டும் கப்ளர் கடைகளில் கிடைக்கிறது. உங்கள் கார் மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பிற்பாடு வாரன்டிக்குப் போகும்போது கப்ளரைக் கழற்றிவிட்டுப் பழைய செட்டையே மாட்டிக்கொண்டு போகலாம். வெட்டிய ஒயரை எப்படி மறைப்பது?

ஆக்ஸ் கேபிளில் சத்தம் தெளிவாக வந்தது. கூடவே "உய்ய்ங்" என்று ஒரு ஊளையும் வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஊளை உயரும், விட்டால் இறங்கும். இது காரின் ஆல்டர்னேட்டர் சத்தம். கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை: கார் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, கருவியை அதன் சொந்த பேட்டரியில் ஓட்டுங்கள். ஊளை நின்றால் கோளாறு கரன்ட் வழியாகவும் ஆடியோ கேபிள் வழியாகவும் இரண்டு எர்த் சேர்ந்து சுற்றுவதில் இருக்கிறது. ஆடியோ கேபிளின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறிய டப்பாவைச் சேர்த்தால் தீரும். என் காரில் தீர்ந்தது. இன்றும் போனை ஆக்ஸில் செருகிக்கொண்டே சார்ஜ் போட்டால் பலருக்கு இதே ஊளை கேட்கிறது, மருந்தும் இதேதான்.

அப்பா கண்டுபிடித்த கோளாறு

ஆன்டெனாவை வீட்டு ஜன்னலில் வைப்பது போலவே, டேஷ்போர்டில் ஒரு தாங்கி வைத்துக் கண்ணாடியைப் பார்த்து 45 டிகிரி சாய்வாக நிறுத்தினேன். முதல் பயணம். கேம்ப் ரோட்டிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் தாண்டி மேடவாக்கம் வரை அருமையாகப் பாடியது. நடுவில் மரங்கள் அடர்ந்த இடங்களில் மட்டும் வெட்டியது. மேடவாக்கத்தில் வேளச்சேரி பக்கம் திரும்பியதும் தடுமாறத் தொடங்கியது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி ஒரு மரம் இல்லை, மாடி வீடு இல்லை. அங்கேயும் விட்டு விட்டுத்தான் பாடியது.

திரும்பி வரும்போது இன்னும் மோசம். மேடவாக்கம் திரும்பியதிலிருந்து வீடு வரை ஒரே மௌனம். அதே சாலை, அதே செட். நான் கனெக்டரை ஆட்டிப் பார்த்தேன், கேபிளை மாற்றிப் பார்த்தேன். நான்கு பயணங்கள் இப்படியே போயின.

ஒருநாள் பின் சீட்டில் சாய்ந்திருந்த அப்பா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "சாட்டிலைட்டு ஒரே எடத்துல நிக்குது. நாமதான் திரும்பறோம். நீ ஆன்டெனாவையும் வண்டியோட சேத்துத் திருப்பிடற."

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏசியா ஸ்டார் கிழக்கு 105 டிகிரியில் நின்றது. தாம்பரத்திலிருந்து பார்த்தால் கிழக்கிலிருந்து 26 டிகிரி தெற்கே தள்ளி, தொடுவானத்திலிருந்து 57 டிகிரி உயரத்தில். கிழக்கே மேடவாக்கம் நோக்கிப் போகும்போது ஆன்டெனாவின் முகம் கிட்டத்தட்ட அதைப் பார்த்தது. மேற்கே வீடு நோக்கி வரும்போது முகம் எதிர்த் திசைக்குப் போய்விட்டது. ஆன்டெனாவின் முகத்துக்கும் சாட்டிலைட்டுக்கும் இடையே 70 டிகிரிக்கு மேல் விலகல். எப்படிப் பாடும்?

தீர்வு ரொம்பச் சாதாரணம். ஆன்டெனாவை நிமிர்த்தி வைக்காமல், வானத்தைப் பார்த்துப் படுக்கப் போட வேண்டும். அப்போது கார் எந்தத் திசையில் போனாலும் விலகல் 33 டிகிரிதான். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. சிக்னல் சற்று வலுக் குறைந்து கிடைக்கும், ஆனால் எல்லாத் திசையிலும் கிடைக்கும். உங்கள் காரில் ஜி.பி.எஸ். ஆன்டெனா தனியாக வைக்க நேர்ந்தால் இதே விதியை நினைவில் கொள்ளுங்கள்.

படுக்கப் போட்ட பின்னும் டேஷ்போர்டு சரிப்படவில்லை. எங்கள் காரில் கண்ணாடிக்கு ஒட்டியிருந்த பிலிம் உலோகப் பூச்சு கொண்டது. அது வெயிலோடு ரேடியோ அலையையும் தடுத்தது. (கார் கண்ணாடிகளில் பிலிம் ஒட்டுவதையே உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடை செய்தது; அது வேறு கதை.) கடைசியில் ஆன்டெனாவைக் கூரை மேல் கொண்டு போனேன். துளை போடவில்லை. வெல்குரோ பட்டை ஒட்டி, கேபிளைப் பின் கதவின் ரப்பர் பீடிங் வழியாக உள்ளே எடுத்தேன். கதவு மூடும்போது கேபிள் நசுங்காத இடமாகப் பார்ப்பது முக்கியம். வாசலுக்கு நேர் மேலே ஒரு வளைவு தொங்கும்படி விட்டால் மழைத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்காமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இரவில் ஆன்டெனாவைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவேன். தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கரணை நெடுக ஒரு வெட்டுகூட இல்லை. 57 டிகிரி என்பது நல்ல உயரம். 10 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் "ரேடியோ நிழல்" ஆறரை மீட்டருக்கு மேல் சாலையில் விழாது. எங்கள் எதிரிகள் தூங்குமூஞ்சி மரங்களும் பாலங்களும்தான். ஒருமுறை வெட்டினால் செட் மறுபடி சிக்னலைப் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். அப்பா தம் டயாலிசிஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில், எந்த இடத்தில் பாட்டு நிற்கும், எங்கே திரும்ப வரும் என்று ரயில்வே டைம் டேபிள் போல எழுதி வைத்திருந்தார். "இப்ப போகும்" என்பார், போகும். "வரணுமே" என்பார், வரும்.

போகும்போது அவருக்குப் பாட்டு அவ்வளவாக வேண்டாம். பேப்பர் படிப்பார், என்னோடு பேசுவார். நான்கு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டுத் திரும்பும்போது பேசத் தெம்பு இருக்காது. அந்த நாற்பது நிமிடத்துக்குத்தான் அவர் ஸ்ருதியைக் கேட்டது. முதல் நான்கு பயணங்களில் நான் அவருக்குக் கொடுத்தது சரியாக அதற்கு எதிர்ப்பாதி.

2009 டிசம்பர் 31

வோர்ல்ட் ஸ்பேஸ் நிறுவனம் 2008 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரி மனு செய்தது. உலகம் முழுவதிலும் அதற்கு இருந்த சந்தாதாரர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்தான். 2009 டிசம்பர் 31ஆம் தேதியுடன் இந்தியச் சேவை நிறுத்தப்பட்டது.

அன்று வியாழக்கிழமை. டயாலிசிஸ் நாள். வழக்கம்போலப் போய் வந்தோம். வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் அப்பா இறங்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த உருப்படி முடியும் வரை உட்கார்ந்திருந்தார். நானும் இன்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை சத்தமில்லாமல் போய், சத்தமில்லாமல் வந்தோம்.

செட் கெட்டுப் போகவில்லை. ஆன்டெனா சரியாக இருந்தது, கேபிள் சரியாக இருந்தது. அனுப்புகிறவர் இல்லை. சாதாரண எப்.எம். ரேடியோவில் ஒரு நிலையம் மூடினால் முள்ளை நகர்த்தி அடுத்த நிலையத்துக்குப் போகலாம். இந்த செட்டுக்கு வேறு நிலையம் கிடையாது. சந்தாவில் ஓடும் எந்தக் கருவியை வாங்கும் முன்பும் இப்போதெல்லாம் நான் கடைக்காரரிடம் ஒன்று கேட்கிறேன்: "கம்பெனி மூடிட்டா இது வேற எதுக்காவது உதவுமா?" பெரும்பாலும் பதில் வருவதில்லை.

நாற்பது கேசட், ஒரு பென் டிரைவ்

அப்பாவிடம் சுமார் நாற்பது கேசட்டுகள் இருந்தன. ரேடியோவில் வந்த கச்சேரிகளை 1980களில் அவரே பதிவு செய்தவை. மதுரை மணி ஐயர், எம்.டி.ராமநாதன் என்று பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார். பொங்கல் விடுமுறையில் அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி கேசட் இருக்கலாம் என்பதால் முறையைச் சொல்கிறேன்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்னால் சவுண்ட் கார்டு துளைகள் நிறத்தோடு இருக்கும். பச்சை ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலம் லைன் இன். டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கேபிளை நீலத் துளைக்குக் கொண்டு வாருங்கள். ரோஸில் செருகினால் ஒலி உடைந்துபோய்க் கரகரவென்று பதிவாகும். லேப்டாப்பில் நீலத் துளை இருக்காது. லைன் இன் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

ஆடாசிட்டி என்ற புரோகிராம் இலவசம். அதை இறக்கி இன்ஸ்டால் செய்து, ரெக்கார்டிங் டிவைஸ் என்னும் இடத்தில் லைன் இன் என்பதைத் தேர்ந்தெடுத்திடுங்கள். சிவப்பு வட்டத்தைக் கிளிக் செய்துவிட்டு டேப்பை ஓட விடுங்கள். அளவு காட்டும் பட்டை வலது கோடியை முட்டினால் டேப்பின் வால்யூமைக் குறைக்க வேண்டும். முட்டிய இடத்தில் ஒலி உடையும்; அதைப் பிறகு சரி செய்ய முடியாது. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும், குறுக்கு வழி இல்லை. நான் டேப்பை ஓடவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்தேன்.

முடிந்ததும் பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் சென்று எம்பி3 ஆக்குங்கள். அந்தக் காலத்தில் இதற்கு லேம் என்ற பைலைத் தனியாகத் தேடி இணைக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. சி.டி. தரத்தில் வேவ் பைலாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல் போகும். மோனோவில் 64 கே.பி.பி.எஸ். எம்பி3 என்றால் 29 எம்பிதான். பழைய ரேடியோ பதிவுக்கு அது தாராளம். நாற்பது கேசட்டும் 2 ஜிபி பென் டிரைவில் அடங்கிவிட்டன.

கார் ஸ்டீரியோக்களில் பல, பென் டிரைவ் பேட்32 பார்மட்டில் இருந்தால்தான் படிக்கும். மை கம்ப்யூட்டரில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பார்மட் தேர்ந்தெடுத்தால் அந்தப் பெயர் தெரியும். பார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், எச்சரிக்கை. 32 ஜிபிக்கு மேற்படாத டிரைவாக வாங்கினால் வம்பில்லை. பைல் பெயர்களை 01, 02 என்று தொடங்கினால் வரிசை மாறாமல் பாடும்.

ஆடாசிட்டியில் இரைச்சலை நீக்கும் வசதியும் உண்டு. ஒரு கேசட்டில் காம்போதி ஆலாபனையின் நடுவே பிரஷர் குக்கர் விசில் மூன்று முறை கேட்டது. ரேடியோ முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து மைக்கில் பதிவு செய்த நாள் போலிருக்கிறது. பின்னால் அம்மா யாரையோ கூப்பிடும் குரல். அம்மா போய் அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. நான் மௌஸால் அந்த விசிலைத் தேர்ந்தெடுத்து அழிக்கப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா என் கையைப் பிடித்தார். "அதை எடுத்துடாதடா."

அதன் பிறகு வேளச்சேரியிலிருந்து திரும்பும் பயணங்களில் அவர் அதிகம் கேட்டது அந்த பைல்தான். பெயர் 07. அவருக்கு டைம் டேபிள் எழுதும் வேலை இல்லாமல் போயிற்று. எந்த மரத்தடியிலும் அது நிற்கவில்லை.

இன்று என்ன செய்யலாம்?

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஸ்ருதி போல நாள் முழுவதும் சாஸ்திரிய சங்கீதம் வேண்டுமென்றால், அகில இந்திய வானொலி 2016 ஜனவரி 26 அன்று ராகம் என்ற 24 மணி நேரச் சேனலைத் தொடங்கியது. பெங்களூரிலிருந்து ஒலிபரப்பாகிறது. கர்நாடக சங்கீதம், இந்துஸ்தானி இரண்டும் உண்டு. சந்தா கிடையாது. போனில் நியூஸ் ஆன் ஏர் என்ற ஆப்பை இறக்கினால் ராகமும், சென்னை உட்பட நாட்டின் பல வானொலி நிலையங்களும் கிடைக்கும். டேட்டா எவ்வளவு போகும் என்று பயப்பட வேண்டாம். 64 கே.பி.பி.எஸ். ஓட்டத்துக்கு மணிக்கு 29 எம்பி. மேலே கேசட்டுக்குப் போட்ட அதே கணக்குதான்.

புதிய கார்கள் சிலவற்றில் டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் மீடியம் வேவ் ரேடியோவும் கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. ரேடியோ மெனுவில் ஏ.எம். பக்கம் போய் உங்கள் காரில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு.

போனை எங்கே வைப்பது என்பதில் கவனம் தேவை. ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடியின் மேல் எந்தத் தாங்கியையும் ஒட்டாதீர்கள். பை வெடித்து விரியும்போது அந்தத் தாங்கியே உங்கள் முகத்தை நோக்கி வரும். 2007இல் எங்கள் காரில் ஏர்பேக் கிடையாது, அதனால் நான் யோசிக்கவே இல்லை. இப்போது எல்லாப் புதுக் கார்களிலும் முன்பக்கம் இரண்டு இருக்கின்றன. சேனலைத் தேர்ந்தெடுப்பதை வண்டி கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

நண்பர் காரில் புளூடூத் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது அவர் மனைவியின் போனைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறதாம். நடுவழியில் அக்காவுக்கு வரும் போன் பேச்சையெல்லாம் இவரும் பிள்ளைகளும் ஸ்பீக்கரில் கேட்க வேண்டியிருக்கிறது. புளூடூத் பட்டியலில் இவருடைய போனை முதலாவதாக மாற்ற வழி இருக்கிறதா என்று பார்த்தோம். அந்த ஸ்டீரியோவில் இல்லை. ஆனால் ஆக்ஸ் துளை இருந்தது. அவருடைய போனிலும் ஹெட்போன் துளை இருந்தது.

அமெரிக்கப் பெட்டியிலிருந்து அந்த இரு முனைக் கேபிளை எடுத்து இரண்டிலும் செருகினேன். ராகம் சேனலில் யாரோ கல்யாணி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சுற்று போய் வரலாம் என்று பள்ளிக்கரணை வரை ஓட்டினோம். மீதிப் பெட்டியை என்ன செய்வது என்று நண்பர் கேட்டார். மைத்துனர் திரும்பிப் போகும்போது கையோடு கொடுத்து அனுப்பச் சொன்னேன். அவர் ஊரில் அது நன்றாகவே பாடும்.